கட்டுவது வேறு, சுருக்குவது வேறு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் நிலக் காகிதங்களை எடுத்து அடுக்கினால், பெரும்பாலும் இரண்டு எழுத்துகளும் இரண்டு அரசுகளும் அதில் தென்படும். விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலத்தின் தாலுகாக்கள். அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சொந்தபந்தமும் சொத்தும் எல்லைக் கோட்டின் இருபுறமும் தங்கிவிட்டன. கொல்லம் ஆண்டு போட்டு மலையாளத்தில் எழுதிய பழைய பிரமாணம் (பத்திரம்), வில்லேஜ் ஆபீஸில் கரம் அடைத்த ரசீது, தண்டப்பேர் (நில வரிக் கணக்கு) எண் குறித்த துண்டுச் சீட்டு, களியக்காவிளைக்கு அப்புறம் கிடைத்த பங்குக்குத் தமிழில் ஒரு பட்டா என்று இவை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஒரு ஃபோல்டரில் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃபோல்டரை ஒரே கோப்பாக்கி எடுத்துவைப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு எடுத்துக்கொள்ளும் கருவி, கட்டளை வரியில் இயங்கும் டார். கோப்புகளைக் கட்டுவதும் அவற்றைச் சுருக்குவதும் இரண்டு தனி வேலைகள் என்பதே இங்கே நிறுவ முயல்வது. வீட்டு ஆவணத்துக்கு முதல் வேலை கட்டாயம் வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் வீண். சில நேரம் கேடு.

கட்டளைகளைப் படிக்கும் முறையை முதலில் சொல்லிவிடலாம். இங்கே கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறது. விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். கோப்புப் பெயர்களை மட்டும் தமிழிலேயே தட்டலாம். அனுபவசாலிகள் ஒற்றை எழுத்துகளைக் கோத்துச் சுருக்கமாக எழுதுவார்கள். கற்கிறவருக்கு முழுச் சொல்லே நல்லது, ஏனென்றால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் என்ன செய்தோம் என்பது புரியும். கருவிக்காக அலையவும் வேண்டாம். கேரளப் பள்ளிகளில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று; அது பள்ளிகளுக்குத் தரும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் அந்நியமல்ல. டெர்மினலைத் திறந்தால் டார் அங்கே காத்திருக்கிறது.

வலது பொத்தானை அழுத்தினால் 'கம்ப்ரஸ்' என்று வருகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். ஒருமுறை அனுப்பிவிட்டு மறந்துவிடும் கோப்புக்குப் போதும். ஆனால் அந்தப் பெயரே சிக்கலைக் காட்டுகிறது. கட்டித் தா என்று கேட்க வந்தவருக்குச் சுருக்கித் தரட்டுமா என்ற கேள்விதான் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே சொடுக்கில் முடித்துவிடுவதால், இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன என்பதே பயனருக்குத் தெரிவதில்லை. கட்டியபின் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் அங்கே வழக்கமாக இடமிருக்காது. கட்டளை வரியில் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொல்லையே அதன் பயன்.

டார் 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாக எழுதிவைக்கப் பிறந்த கருவி அது, நாடாவின் குணம் இன்றும் அதைவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் அளவில் ஒரு தலைப்பு: பெயர், அளவு, தேதி, உரிமைகள். அதன்பின் கோப்பின் உள்ளடக்கம் உள்ளது உள்ளபடி. பிறகு அடுத்த தலைப்பு. கடைசியில் வெறும் சுழியங்கள். இவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் பொதுவான அட்டவணை எதுவும் கிடையாது. நாடாவில் 20 தொகுதிகளாக எழுதிய வழக்கம் தொடர்வதால், இரண்டு வரிக் குறிப்பு ஒன்றை மட்டும் கட்டினாலும் கட்டின் அளவு 10,240 பைட்டாக இருக்கும். அதைக் கண்டு திகைக்க வேண்டாம். திருவிதாங்கூர் அரசின் பழைய கணக்குகளை ஓலைகளாகக் கோத்து வைத்த சுருணைகள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் எந்த ஓலையும் மற்றோர் ஓலையை நம்பியில்லை, ஒன்று செல்லரித்தாலும் அடுத்ததைப் படிக்கலாம். டாரின் சுருக்காத வெறுங்கட்டும் அந்த வகைதான்.

இனி வேலைக்கு வருவோம். 'நிலம்' என்ற ஃபோல்டர் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே டெர்மினலைத் திறந்து இப்படித் தட்ட வேண்டும்:

டார் --கிரியேட் --ஃபைல்=நிலம்.டார் நிலம்

உருவாக்கப் போகும் கட்டின் பெயர் முதலில், உள்ளே போக வேண்டியது பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் மிகப் பரவலான தவறு, ஆபத்தானதும்கூட. ஏற்கெனவே இருக்கும் ஒரு ஸ்கேன் கோப்பின் பெயரைக் கட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுதிவிட்டால், டார் கேள்வி கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும். உள்ளே என்ன போட வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் மட்டும், காலியான கட்டை உருவாக்கக் கோழையைப் போல மறுக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி நின்றுகொள்ளும். இந்தக் கருவிக்குள் இருக்கும் ஒரே நகைச்சுவை அது. இன்னொன்று: ஃபோல்டருக்குள் நுழைந்து கோப்புகளை உதிரியாகக் கட்டக் கூடாது. வெளியே நின்று ஃபோல்டரையே கட்ட வேண்டும். உதிரியாகக் கட்டியதை மற்றவர் அவிழ்க்கும்போது நாற்பது ஸ்கேன்களும் அவருடைய சொந்தக் கோப்புகளுக்கு நடுவே சிதறும். பிரித்தெடுக்கப் பாதி நாள் போகும்.

கட்டி முடித்த உடனே செய்ய வேண்டியவை இரண்டு. 'டார் --லிஸ்ட் --ஃபைல்=நிலம்.டார்' என்றால் உள்ளே இருப்பவற்றின் பெயர்கள் வரிசையாக வரும். 'டார் --கம்பேர் --ஃபைல்=நிலம்.டார்' என்றால் கட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் வட்டில் உள்ள மூலத்தோடு வைத்து ஒப்பிடும். எதுவும் சொல்லாமல் திரும்பினால் எல்லாம் சரி. வேறுபாடு இருந்தால் எந்தக் கோப்பில், அளவிலா உள்ளடக்கத்திலா என்று சொல்லும். மூலத்தை அழிக்கும் எண்ணம் இருந்தால் இந்த மௌனத்தைக் கேட்ட பிறகே அழிக்க வேண்டும்.

சுருக்கக் கூடாதா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். சுருக்கும் கருவிகள் செய்வது ஒன்றுதான்: திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்து ஒருமுறை மட்டும் எழுதுவது. 1989இல் பில் காட்ஸ் வெளியிட்ட ஜிப், 1992இல் வந்த ஜீஜிப், பின்னர் வந்த பீஜிப்2, எக்ஸ்இஸட் எல்லாமே வெவ்வேறு வழிகளில் இதைத்தான் செய்கின்றன. தமிழ் எழுத்துரை இவற்றுக்கு நல்ல தீனி. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கிறது. 'அம்மா' என்ற சொல்லுக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள், 15 பைட். அந்த மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது இரண்டே வகை. மூன்றில் இரண்டு பங்கை ஏறக்குறைய முன்கூட்டியே ஊகித்துவிடலாம் என்பதால், குறிப்புகளும் கதைகளும் நிறைந்த தமிழ் ஃபோல்டர் ஆச்சரியமாகச் சுருங்கும். மலையாளத்துக்கும் இதே கணக்கு. ஆனால் ஸ்கேன் செய்த பிரமாணத்தின் கதை வேறு. அது ஜேபெக் படம். படமாகச் சேமித்த நேரத்திலேயே சுருக்கப்பட்டுவிட்டது. திரும்ப வருவது என்று அதில் எதுவும் மிஞ்சவில்லை. ஸ்கேன் படங்களை அடுக்கிச் செய்த பிடிஎஃபும் உள்ளே ஜேபெக்தான். இவற்றைச் சுருக்கினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம் குறையும், சில வேளை அதுவும் இல்லை. சுருக்கத்தால் வர வேண்டிய லாபம் நிலக் காகித ஃபோல்டரில் கிடைப்பதே இல்லை.

லாபம் இல்லாவிட்டால் நட்டமும் இல்லையே, சுருக்கிவைத்தால் என்ன போயிற்று என்பது அடுத்த மறுப்பு. அங்கேதான் கேடு இருக்கிறது. ஜீஜிப் கட்டு முழுவதையும் ஒரே ஓட்டமாகச் சுருக்குகிறது. பின்னால் வரும் ஒவ்வொரு துண்டும் முன்னால் வந்ததைச் சுட்டியே எழுதப்பட்டிருக்கும். பழைய பென்டிரைவில் நடுவில் ஓர் இடம் கெட்டால், வழக்கமான கருவிகளால் அதற்குப் பின்னுள்ள எதையும் மீட்க முடியாது. வெறுங்கட்டில் அதே இடம் கெட்டால் பாதிக்கப்படுவது அங்கே இருந்த ஒரு பக்கம் மட்டும். தலைப்பே சிதைந்தாலும், அடுத்த தலைப்புக்குத் தாவுகிறேன் என்று அறிவித்துவிட்டு, லினக்ஸில் உள்ள குனு டார் மேலே போகும். இதை நம்ப வேண்டியதில்லை, ஒரு நகலில் சோதித்துப் பார்க்கலாம். 'ஹெட் --பைட்ஸ்=5எம் நிலம்.டார் > அரை.டார்' என்று தட்டினால் கட்டின் முதல் 5 எம்பி மட்டும் தனியே வரும், பாதியில் நின்றுபோன டவுன்லோடுக்குச் சமமாக. அதைப் பட்டியலிட்டால் அறுபட்ட இடம் வரைக்குமான கோப்புகள் வரிசையாக வந்து, அதன்பின் பிழைச்செய்தி வரும். அதே ஃபோல்டரை ஜிப் செய்து, அதே போல் அறுத்துத் திறந்து பாருங்கள். ஜிப் தன் அட்டவணையைக் கோப்பின் கடைசியில் வைத்திருப்பதால், வால் போனதும் இது ஜிப்பே இல்லை என்று கருவி கைவிரித்துவிடும்.

வெறுங்கட்டுக்கு இன்னும் ஒரு சலுகை உண்டு. அடுத்த ஆண்டு கரம் அடைத்த ரசீது வந்ததும் 'டார் --அப்பெண்ட் --ஃபைல்=நிலம்.டார் நிலம்/புதுரசீது.ஜேபிஜி' என்று கட்டின் முடிவில் சேர்த்துவிடலாம். சுருக்கிய கட்டில் இதை டார் செய்யாது, முழுவதையும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். ஒரே பெயரில் திருத்திய பக்கத்தைச் சேர்த்தால் பழையதும் உள்ளேயே இருக்கும், அவிழ்க்கும்போது பின்னால் சேர்ந்தது வெல்லும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜிப்பும் ஜீஜிப்பும் உள்ளடக்கத்துக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து வைக்கின்றன. ஒரு பைட் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். டார் தன் தலைப்புகளை மட்டுமே சரிபார்க்கிறது. உள்ளே இருக்கும் ஸ்கேன் பக்கம் கெட்டுப்போனாலும் அது வாய்திறக்காது. பத்து வருடம் கழித்துப் படத்தைத் திறந்து பார்க்கும்போதுதான் பாதிப் பக்கம் சாம்பலாகத் தெரியும். கெட்டதைச் சொல்லாமல் மறைக்கும் கட்டைவிட, கெட்டதும் அலறும் கட்டு மேல் என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அலறல் வேண்டும் என்பதற்காக மொத்தக் கட்டையும் ஒரே ஓட்டமாக இறுக்க வேண்டியதில்லை, அலறலைத் தனியாகவே வாங்கிக்கொள்ளலாம். 'எஸ்எச்ஏ256சம் நிலம்.டார் > நிலம்.சரி' என்றால் கட்டின் கைரேகை ஒரு சிறு கோப்பில் பதிவாகும். 'எஸ்எச்ஏ256சம் --செக் நிலம்.சரி' என்றால் பிற்பாடு எப்போது வேண்டுமானாலும் அது மாறியிருக்கிறதா என்று சொல்லும். கட்டு ஒன்று, அதன் கைரேகை ஒன்று, இரண்டையும் இரண்டு வட்டுகளில் வைத்தால் எது கெட்டது என்பதும் தெரியும், நல்லது எது என்பதும் தெரியும். ரசீது சேர்த்த ஒவ்வொரு முறையும் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எளிதில் மறந்துபோவது இதுதான்.

தமிழ்ப் பெயர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. ஜிப் பிறந்த காலத்தில் கோப்புப் பெயர் என்றால் பழைய டாஸ் எழுத்து அட்டவணைதான். பெயர் யூடிஎஃப்-8இல் இருக்கிறது என்று குறிக்கும் வழி 2006இல்தான் அதன் விதிகளில் சேர்ந்தது. அந்தக் குறி இல்லாமல் கட்டிய ஜிப்பைத் திறந்தால் 'பிரமாணம்' என்ற பெயர் கோடுகளும் குறிகளுமாக நிற்கும். பழைய விண்டோஸ் பதிப்புகள் தமிழ்ப் பெயருள்ள கோப்பை ஜிப்பில் சேர்க்கவே மறுத்தன. டார் பெயரின் பைட்டுகளை அப்படியே எழுதிவைத்து அப்படியே திருப்பித் தருகிறது. பழைய அமைப்பில் பெயருக்கு 100 பைட்தான் இடம். 'நெய்யாற்றின்கரை' ஒன்றே 45 பைட் என்பதால் இரண்டு சொற்களில் நிரம்பிவிடும். இன்றைய குனு டார் நீண்ட பெயர்களைத் தனியே எழுதிச் சமாளிக்கிறது. ஆனாலும் லினக்ஸ் வட்டின் எல்லை 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். வாங்கியவர் விற்றவர் பெயர், சர்வே எண், தேதி எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதும் வழக்கம் உள்ளவர்கள் இதில் முட்டிக்கொள்வார்கள். 01, 02 என்று எண் கொடுத்து, விவரத்தை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி உடன் கட்டுவது சிறந்தது.

பெயரில் இதைவிட நுட்பமான ஒரு பொறியும் உண்டு. 'கொல்லம்' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயர்களையும் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் தட்டியதைத் தட்டியபடி வைத்துக்கொள்ளும். அங்கே கட்டியதை இங்கே அவிழ்த்தால் ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கொல்லம்' நிற்பது இதனால்தான். டெர்மினலில் தமிழ் உடைந்து தெரிவது வேறு விஷயம். அது திரையில் வரையும் குறை, பெயருக்கு எதுவும் ஆகவில்லை. பட்டியலில் தமிழுக்குப் பதில் 340, 256, 252 என்று எண்கள் ஓடினால் அந்தக் கணினியின் மொழி அமைப்பு சரியில்லை என்று பொருள். அந்த மூன்று எண்ணும் சேர்ந்ததுதான் 'ப'. அவிழ்த்தால் பெயர் சரியாகவே வரும்.

எல்லை தாண்டும்போது என்ன செய்வது? அக்ஷயா மையத்திலோ களியக்காவிளைப் பக்கத்து இ-சேவை மையத்திலோ விண்டோஸ் கணினி இருந்தால், அங்கே டார் திறக்காது என்ற பழைய பயம் இனி பொருந்தாது. 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1803 முதல் அதன் கட்டளை வரியிலும் டார் இருக்கிறது. கிரியேட், லிஸ்ட், எக்ஸ்ட்ராக்ட் மூன்றும் அங்கே இதே சொற்களால் வேலை செய்யும். கம்பேர் மட்டும் கிடையாது. கைப்பேசியில் திறக்கப் போகிறவருக்கு அனுப்புவதென்றால் ஜிப்பே மேல், ஏனெனில் கைப்பேசியின் கோப்புச் செயலிகளில் பல டாரை அறியா. இங்கே பிடிவாதம் கூடாது: வைத்துக்கொள்வதற்கு டார், கையில் கொடுப்பதற்கு ஜிப். வாட்ஸ்அப்பில் ஸ்கேனைப் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கி எழுத்தை மங்கவைத்துவிடும். கட்டாக்கி 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் ஒரு பைட்டும் மாறாது. சுருக்குவது தேவைப்படும் இடமும் இதே அனுப்பும் வேலைதான்: வட்டாரச் சொற்தொகுப்பு, பள்ளி ஆண்டுமலருக்குத் தட்டச்சு செய்த கட்டுரைகள் போன்ற எழுத்துரைக் கட்டுகளுக்கு '--ஜீஜிப்' என்ற சொல்லைக் கட்டளையில் சேர்த்தால் போதும். மெயிலில் 25 எம்பி வரம்பைத் தாண்டும் கட்டை 'ஸ்பிளிட் --பைட்ஸ்=15எம் நிலம்.டார் துண்டு-' என்று நறுக்கி, மறுமுனையில் 'கேட் துண்டு-* > நிலம்.டார்' என்று ஒட்டலாம். மெயிலில் இணைக்கும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருகும் என்பதால் நறுக்கும் அளவைச் சற்றுக் குறைவாகவே வைக்க வேண்டும். ஒட்டிய பின் கைரேகையைச் சரிபார்த்தால் ஏதாவது துண்டு விடுபட்டதா என்பது உடனே தெரிந்துவிடும்.

அவிழ்க்கும் கட்டளை மிக எளிது, அதனாலேயே அவசரப்படுகிறார்கள். டார் அவிழ்க்கும்போது அதே பெயரில் ஏற்கெனவே இருக்கும் கோப்பை மாற்றிவிடும், உங்களைக் கேட்காது. சென்ற வாரம் திருத்திய குறிப்பின் மேல் சென்ற வருடத்துக் குறிப்பு உட்கார்ந்துவிடும். ஆகவே வெறும் ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி அதற்குள்தான் அவிழ்க்க வேண்டும்:

எம்கேடிர் பார்வை
டார் --எக்ஸ்ட்ராக்ட் --கீப்-ஓல்ட்-ஃபைல்ஸ் --ஃபைல்=நிலம்.டார் --டைரக்டரி=பார்வை

நடுவில் உள்ள நீண்ட சொல், இருப்பதைத் தொடாதே என்ற உத்தரவு. ஆனால் அப்பெண்ட் செய்த கட்டில் ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால், இந்தச் சொல்லோடு அவிழ்க்கும்போது பழைய பிரதிதான் கிடைக்கும், இரண்டாவதற்குப் பிழைச்செய்தி வரும். அத்தகைய கட்டுக்கு வெறும் ஃபோல்டரே காவல், நீண்ட சொல்லை விட்டுவிடலாம். ஒரே ஒரு பிரமாணம்தான் வேண்டுமென்றால், லிஸ்ட் காட்டிய பெயரைப் பாதையோடு அப்படியே கட்டளையின் கடைசியில் எழுத வேண்டும். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஒகரம் சேர்ந்ததா பிரிந்ததா என்ற ஐயம் வந்தால் தட்டாமல், பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதே வழி.